பக்க வடிவமைப்பு மென்பொருள் முடங்கினால் வேலையை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு பக்கம் கட்டி முடித்த நிலையில் திரை வெளிறிப்போய், சுட்டி வட்டமடிக்கத் தொடங்கும் அந்த நொடி இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக எப்போது சேமித்தோம் என்று மனம் கணக்குப் போடும். அதற்குள் கை எதையாவது அழுத்திவிடும். பல ஆண்டுகள் பக்கம் கட்டியும், பிறருடைய கோப்புகளை மீட்டுக் கொடுத்தும் நான் கண்டது இது: மென்பொருள் முடங்கியதால் அழிந்த வேலை குறைவு. முடங்கிய பின் வரும் பத்து நிமிடப் பதற்றத்தில் நாமே அழித்துவிடும் வேலை அதிகம். ஆகவே கீழே உள்ள பதில்களில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பதைப் பற்றியவை.

திரை உறைந்து நிற்கிறது. உடனே மூடிவிடலாமா?

வேண்டாம். விண்டோஸில் ஒரு நிரல் 5 வினாடி பதில் சொல்லாமல் இருந்தாலே அதன் தலைப்புப் பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். நிரல் செத்துவிட்டது என்பதற்கு அது சான்று அல்ல. 300 பக்க நூலைப் பிடிஎஃப் ஆக்கும்போதும், அடிக்குறிப்புகள் நிறைந்த ஓர் அத்தியாயத்தின் எழுத்தளவை மாற்றி எல்லா வரிகளும் மறுபடி ஓடும்போதும், 5 வினாடி என்பது ஒன்றுமே இல்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். உங்கள் மென்பொருளின் வரிசையில் சிபியு, நினைவகம் இவற்றின் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. அப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரமாவது நான் கொடுப்பேன். எண்கள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போதும் இரண்டு காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, மறைந்து நிற்கும் உரையாடல் பெட்டி. எழுத்துரு காணவில்லை, படத்தின் இணைப்பு அறுந்துவிட்டது என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்று, பெரிய சாளரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் பதில் சொல்லும்வரை மென்பொருள் நகராது. ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி ஒவ்வொரு சாளரமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். இரண்டாவது, வெளியே இருக்கும் ஏதோ ஒன்றுக்கான காத்திருப்பு. படங்கள் வேறொரு கணினியில் இருந்து, இடையில் நெட்வொர்க் அறுந்திருக்கலாம். அணைத்து வைத்த பிரின்டர் இயல்பு பிரின்டராகத் தேர்வாகியிருக்கலாம். கேபிளைச் சரியாகச் செருகியதும், பிரின்டரைப் போட்டதும், உறைந்து நின்ற பக்கம் தானாக விழித்துக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் உருப்படியாக எதையாவது செய்ய முடியுமா?

கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். கடைசியாகச் செய்த திருத்தங்கள் பெரும்பாலும் கண்முன் உள்ள இரண்டு பக்கங்களில்தான் இருக்கும், அவை சேமிக்கப்படாதவையும்கூட. பக்கத்தின் அளவுகளைக் காட்டும் பட்டை, எழுத்து, பத்திப் பாணிகளின் (ஸ்டைல்) பெயர்கள், பக்க எண் எல்லாம் தெரியும்படி நெருக்கமாக நான்கைந்து படங்கள் எடுங்கள். மென்பொருள் மூடியதும் அந்தத் திரை போய்விடும்.

பிறகு நோட்பேடைத் திறந்து கன்ட்ரோல், வி அழுத்துங்கள். கடைசியாக நகலெடுத்த பத்தி கிடைத்தால் லாபம்.

உறைந்த சாளரத்தின் மேல் மட்டும் எதையும் தட்டாதீர்கள். நீங்கள் அழுத்தும் விசைகள் வரிசையில் காத்திருக்கும். மென்பொருள் விழித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும். பொறுமை இழந்து டெலீட் விசையை ஆறு முறை தட்டியவருக்கு, விழித்த பக்கம் என்ன காட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

காத்திருந்தும் பயனில்லை. எப்படி மூடுவது?

திறந்திருக்கும் மற்ற நிரல்களின் வேலையை முதலில் சேமித்து மூடுங்கள். அதன் பிறகு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் 'என்ட் டாஸ்க்', மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் சேர்த்து 'ஃபோர்ஸ் குயிட்'. முடங்கிய நிரலை மட்டும் மூடுங்கள். கணினியின் மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான். வட்டில் அந்த நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்தால், நன்றாக இருந்த மூலக் கோப்பும் கெட்டுவிடும்.

மறுபடி திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மென்பொருளைத் திறக்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள்.

வேறொரு வட்டிலோ டெஸ்க்டாப்பிலோ 'மீட்பு' என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள். மூலக் கோப்பு எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே அதில் நகலெடுங்கள். பிறகு, முடங்கினால் மீட்பதற்கென்று மென்பொருள் தானாக எழுதி வரும் மீட்புத் தரவு இருக்கும் கோப்புறையை முழுவதுமாக அதே இடத்துக்கு நகலெடுங்கள். மென்பொருள் மறுபடி தொடங்கும்போது அந்தத் தரவைத் தன் போக்கில் கையாளும். திறக்க முயன்று தோற்றால் சில நேரம் அழித்தும்விடும். கையில் நகல் இருந்தால், எத்தனை முறை தோற்றாலும் முதலிலிருந்து தொடங்கலாம்.

அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் இந்தத் தரவை 'இன்டிசைன் ரெக்கவரி' என்ற கோப்புறையில் வைக்கிறது. விண்டோஸில் அது உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', 'அடோபி', 'இன்டிசைன்', பதிப்பு எண், மொழி, 'கேச்சஸ்' என்று ஆழத்தில் இருக்கும். 'ஆப்டேட்டா' மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டும்படி எக்ஸ்புளோரரில் முதலில் மாற்ற வேண்டும். மேக்கில் பயனரின் 'லைப்ரரி', 'கேச்சஸ்' வழியாகப் போகலாம். அமைதியான ஒரு நாளில், விருப்ப அமைப்புகளில் (பிரிஃபரன்சஸ்) 'ஃபைல் ஹேண்ட்லிங்' பகுதியைத் திறந்து பாருங்கள். இந்த இடத்தின் முழு முகவரி அங்கே எழுதியிருக்கும். அதை ஒரு தாளில் குறித்து மேசையில் ஒட்டி வைப்பது வீண் வேலை அல்ல.

இன்டிசைன் 'யெஸ்', 'நோ', 'கேன்சல்' என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

மூன்றுக்கும் பொருள் வேறு. 'யெஸ்' என்றால் இப்போதே மீட்கத் தொடங்கும். 'கேன்சல்' என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும். 'நோ' என்றால் மீட்புத் தரவை அழித்துவிடும்.

இந்த 'நோ' கெடுத்த வேலை கொஞ்சமல்ல. ஒரு முறை நள்ளிரவு தாண்டி, ஒரு நூலின் சொல்லடைவை நான்கு மணி நேரம் கட்டியிருந்தேன். மென்பொருள் முடங்கியது. மறுபடி திறந்ததும் இந்தப் பெட்டி வந்தது. முதலில் மூலக் கோப்பைப் பார்த்துவிடுவோம், மீட்பு பிறகு என்று எண்ணி 'நோ' அழுத்தினேன். அந்த நான்கு மணி நேரம் அங்கேயே போயிற்று. அன்றிலிருந்து, அந்தப் பெட்டியைக் கண்டால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, செய்தியை முழுவதும் படித்த பிறகே தொடுகிறேன். நகல் எடுக்காமல் மென்பொருளைத் திறந்துவிட்டீர்களா? 'கேன்சல்' அழுத்தி வெளியே வாருங்கள். நகலெடுத்த பின் மறுபடி திறந்து 'யெஸ்' அழுத்துங்கள்.

மீட்ட கோப்பு திறந்துவிட்டது. அப்படியே வேலையைத் தொடரலாமா?

தொடராதீர்கள். தலைப்பில் 'ரெக்கவர்ட்' என்று இருக்கும் கோப்பு இன்னும் வட்டில் முறையாகச் சேமிக்கப்படவில்லை. 'சேவ் ஆஸ்' கொடுத்து, பழைய பெயரின்மேல் அல்லாமல் புதிய பெயரில் சேமியுங்கள். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். கடைசியாகத் தொட்ட பக்கங்களில் முதலில் தொடங்கி, பின்னோக்கிப் போங்கள். முன்பு எடுத்த கைப்பேசிப் படங்கள் இப்போது உதவும்.

இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று இடைவெளி குறிக்கும் வசதி இன்டிசைனில் கிடையாது. வேலை நடக்க நடக்க அது தன் குறிப்பை எழுதிக்கொண்டே வருகிறது. அதனால் பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டு செயல்கள் மட்டுமே தவறிப்போகும். மீட்ட கோப்பு பழைய நிலையைவிடக் கெட்டிருந்தால், சேமிக்காமல் மூடிவிட்டு, வட்டில் உள்ள மூலக் கோப்பைத் திறக்கலாம்.

மீட்கத் தொடங்கியதும் மென்பொருள் மறுபடி முடங்குகிறது. திறக்கவே முடியவில்லை.

மீட்புத் தரவில் இருக்கும் கேடுதான் அதை வீழ்த்துகிறது. மீட்புக் கோப்புறையில் உள்ளவற்றை அங்கிருந்து வெட்டி, டெஸ்க்டாப்பில் வேறிடத்தில் வையுங்கள். இப்போது இன்டிசைன் எதையும் கேட்காமல் திறக்கும். கடைசியாகச் சேமித்த மூலக் கோப்பிலிருந்து தொடங்கலாம்.

எந்தக் கோப்பும் இல்லாமல் வெறுமனே திறந்தாலும் முடங்கினால், கோளாறு கோப்பில் இல்லை, விருப்ப அமைப்புகளில் இருக்கிறது. விண்டோஸில் இன்டிசைனைத் தொடங்கிய உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்திருங்கள். மேக்கில் இவற்றோடு கமாண்ட் விசையும் சேரும். அமைப்புகளை அழிக்கவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லுங்கள். உங்கள் தனிப்பட்ட ஏற்பாடுகள் போகும். ஆவணங்களுக்கு எதுவும் ஆகாது.

நான் பயன்படுத்துவது இன்டிசைன் அல்ல. என் மென்பொருளில் எங்கே தேடுவது?

குவார்க்எக்ஸ்பிரஸில் இரண்டு தனித்தனி வசதிகள் உண்டு. 'ஆட்டோ சேவ்' முடங்கிய நேரத்துக்கு அருகிலுள்ள நிலையை மூலக் கோப்பின் பக்கத்திலேயே வைக்கும். 'ஆட்டோ பேக்கப்' ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய பதிப்பைத் தள்ளி வைக்கும். இரண்டும் இயங்குகின்றனவா என்று இன்றே பாருங்கள். முடங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

கோரல்டிரா பயன்படுத்துகிறவர்கள் 'ஆட்டோபேக்கப்_ஆஃப்_' என்று தொடங்கும் கோப்பைத் தேட வேண்டும். தற்காலிகக் கோப்புறையிலோ நீங்கள் குறித்த இடத்திலோ இருக்கும். மூலக் கோப்பின் அருகில் 'பேக்கப்_ஆஃப்_' என்று தொடங்குவது வேறு. அது கடைசியாகச் சேமிப்பதற்கு முந்தைய நிலை. இங்கும் அதே கண்ணி உண்டு. மீட்கவா என்று கேட்கும்போது மறுத்துவிட்டு, பின்னர் மென்பொருளை ஒழுங்காக மூடினால் அந்த நகல் அழிந்துவிடும்.

ஸ்கிரைபஸ் முடங்கி விழும் தறுவாயில் ஓர் அவசர நகலை எழுத முயலும். மூலக் கோப்பின் பெயரோடு 'எமர்ஜென்சி' என்று முடியும் கோப்பு அதே கோப்புறையில் இருக்கிறதா பாருங்கள். தானியங்கிச் சேமிப்பு இயங்கியிருந்தால் பெயரில் 'ஆட்டோசேவ்' என்ற சொல்லைத் தாங்கிய கோப்பும் இருக்கும். இதன் எஸ்எல்ஏ கோப்பு எக்ஸ்எம்எல், அதாவது குறிகள் இட்ட வெற்று உரைதான் என்பதால், மற்ற மென்பொருள்களைவிட இதில் மீட்பு எளிது. நிரலே திறக்காவிட்டாலும் நோட்பேடில் திறந்து உள்ளே எழுத்தைப் பார்க்கலாம்.

பப்ளிஷர் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புத் தகவலைச் சேமிக்கும். 5 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபரோடு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. பழைய பப்ளிஷர் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிடிஎஃப் ஆகவும் மாற்றி வைக்க வேண்டும். அஃபினிட்டியில் மீட்பு இடைவெளியைச் செயல்திறன் தொடர்பான அமைப்புகளில் வினாடிக் கணக்கில் மாற்றலாம்.

பேஜ்மேக்கர்? 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆனாலும் இன்னும் பலருடைய பழைய நூல்கள் அதில் இருக்கின்றன. பக்கம் மாற்றும்போதும் பக்கம் சேர்க்கும்போதும் அது 'மினி சேவ்' என்று ஒரு சிறு சேமிப்பைத் தானாகச் செய்யும். முடங்கிய பின் கோப்பைத் திறந்தால் அந்த நிலை கிடைக்க வாய்ப்புண்டு. வேலையின் நடுவில் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ரிவர்ட்' கொடுத்தால் கடைசி மினி சேவுக்குத் திரும்பும்.

மூலக் கோப்பு திறக்கும்போதே, அல்லது ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்குப் போனாலே முடங்குகிறது. கோப்பு முழுவதும் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒரு படம், ஓர் எழுத்துரு, ஓர் அட்டவணை என்று எங்கோ ஒன்று கெட்டு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஒன்றைப் பிடித்தால் போதும். இதில்தான் பொறுமைக்கு உண்மையான பலன் கிடைக்கும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் நகலின் மேல் செய்யுங்கள்.

முதலில் படங்கள் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். 'படங்கள்' என்பதை 'படங்கள்1' ஆக்கினால் போதும். இப்போது கோப்பைத் திறந்தால், இணைப்புகள் எல்லாம் காணவில்லை என்று மென்பொருள் சொல்லும். சொல்லட்டும். மூலப் படங்களைத் தொடாமல், தன்னிடம் உள்ள முன்னோட்டத்தை மட்டும் காட்டிக்கொண்டு அது திறந்துவிட்டால், குற்றவாளி ஒரு படம். பிறகு படங்களை ஐந்தைந்தாகப் பழைய கோப்புறைக்குள் திருப்பி வைத்து, எந்த ஐந்தில் முடங்குகிறது என்று பாருங்கள்.

இந்த வழியில் நான் மீட்ட ஒரு சிறப்பு மலரின் கதை இது. 212 பக்கம், 63ஆம் பக்கத்துக்குப் போனால் போதும், மென்பொருள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். கோப்புறையின் பெயரை மாற்றியதும் எல்லாப் பக்கமும் திறந்தது. 63ஆம் பக்கத்தில் இருந்தது ஒரு குழுப்படம். பென்டிரைவிலிருந்து நகலெடுக்கும்போது பாதியில் அறுந்த ஜேபெக் அது. படக்காட்சி நிரலில் திறந்தால் மேல் பாதியில் முகங்கள் தெரிந்தன. கீழ் பாதி முழுவதும் ஒரே சாம்பல் நிறம். படத்தைக் கொடுத்தவரிடம் மறுபடி வாங்கி, அதே பெயரில் அதே இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான். அந்த மலரை முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று அதற்குள் முடிவெடுத்து, ஒரு குழு முப்பது பக்கம் கட்டியும் முடித்திருந்தது.

படம் காரணமில்லை என்றால் எழுத்துரு. கோப்பில் பயன்படும் எழுத்துருக்களைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். பக்கம் அலங்கோலமாகத் தெரியும், ஆனால் திறக்கும். திறந்தால் ஒவ்வோர் எழுத்துருவாகத் திருப்பி நிறுவுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கோப்பின் உள்ளமைப்பில் கேடு. எப்படியாவது ஒரு முறை திறக்கும் கோப்பு என்றால், உடனே ஐடிஎம்எல் ஆக (இன்டிசைன் ஆவணத்தை எக்ஸ்எம்எல் உரையாக எழுதும் வடிவம்) ஏற்றுமதி செய்து, அந்த ஐடிஎம்எல் கோப்பைத் திறந்து புதிய பெயரில் சேமியுங்கள். இன்டிசைன் ஆவணத்தை அடியிலிருந்து புதிதாக எழுதுவதால், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கசடுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சிஎஸ்4 பதிப்பிலிருந்து இந்த வடிவம் உண்டு. ஏற்றுமதியும் நடுவில் முடங்கினால் பாதி பாதியாகப் பிரியுங்கள். பக்கங்களின் முதல் பாதியை 'மூவ் பேஜஸ்' கட்டளை கொண்டு ஒரு புதிய ஆவணத்துக்கு அனுப்புங்கள். சரியாகச் சென்றால் கேடு மற்ற பாதியில். அந்தப் பாதியையும் இரண்டாக்குங்கள். 200 பக்கக் கோப்பிலும் எட்டு முறைக்குள் அந்த ஒரு பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அதை மட்டும் கையால் மறுபடி கட்டினால் போதும்.

'இந்தக் கோப்பு வேறொருவரால் பயன்படுத்தப்படுகிறது' என்று வருகிறது. வேறு யாரும் திறக்கவில்லையே?

முடங்கும்போது விட்டுப்போன பூட்டுக் கோப்பு அது. மூலக் கோப்பின் அருகில், அலைக்குறியோடு தொடங்கி ஐடிஎல்கே என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். வேறு எந்தக் கணினியிலும் ஆவணம் திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழித்துவிடுங்கள்.

வடிவமைப்பு போனால் போகட்டும். எழுத்தையாவது எடுக்க முடியுமா?

கோப்பு திறக்கிறது, ஆனால் நிலைக்கவில்லை என்றால், இன்டிசைனின் ஸ்கிரிப்ட் பலகையில் மாதிரிகளுக்குள் 'எக்ஸ்போர்ட் ஆல் ஸ்டோரீஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஆவணத்தில் உள்ள ஒவ்வோர் உரை ஓட்டத்தையும் வேர்டு போன்ற நிரல்களில் திறக்கும் தனித்தனி ஆர்டிஎஃப் கோப்பாக ஒரே மூச்சில் எடுத்துத் தரும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் கூடவே வரும்.

பழைய ஐடிஎம்எல் கோப்பு ஏதாவது கையில் இருக்கிறதா? அது உண்மையில் ஒரு ஜிப் கட்டு. பெயரின் ஈற்றை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே 'ஸ்டோரீஸ்' கோப்புறை இருக்கும். ஒவ்வோர் உரை ஓட்டமும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக அங்கே கிடக்கும். குறிகளுக்கு நடுவே உங்கள் வரிகளைக் காணும்போது வரும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

எடுத்த எழுத்து தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரை அது. பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற முறைகளில் தமிழ் எழுத்துகள் வேறு குறிகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். உரிய எழுத்துரு போட்டால்தான் தமிழாகத் தெரியும். மூல ஆவணத்தில் எந்த எழுத்துரு இருந்தது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற மாற்றியில் போட்டால் யூனிகோடில் கிடைக்கும். ஒரே பத்தியில் இரண்டு முறைகளில் அமைந்த எழுத்துருக்கள் கலந்திருந்தால் தனித்தனியாகப் பிரித்து மாற்ற வேண்டும்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும் யூனிகோடு தமிழில் வேறொரு தொல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் வருவதால் 'கொடு' என்பது 'ெகாடு' என்று கொம்பு முன்னால் தனித்து நிற்கும். எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றிலும் இது நேரலாம். கண்டுபிடித்து மாற்றும் கட்டளைகளால் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். ஆனாலும் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது.

பதற்றத்தில் பழைய கோப்பைப் புதியதன்மேல் சேமித்துவிட்டேன்.

அந்த ஆவணத்தை இன்னும் மூடவில்லை என்றால் மூடாதீர்கள்; செயல்நீக்கக் கட்டளை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று முதலில் பாருங்கள். மூடிவிட்டீர்கள் என்றால் பழைய பதிப்புகளைத் தேட வேண்டும். கோப்பு கூகுள் டிரைவில் ஒத்திசைக்கப்பட்டிருந்தால் முந்தைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை இருக்கும். மேக்கில் டைம் மெஷின் என்ற தானியங்கி நகல் வசதி இயங்கியிருந்தால் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்றும், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்றும் கிடைக்கும். விண்டோஸில் கோப்பின்மேல் வலது சொடுக்கி, பண்புகளில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரியையோ ரிஸ்டோர் பாயின்ட்டுகளையோ முன்பே இயக்கி வைத்திருந்தால்தான் அங்கே ஏதாவது இருக்கும். சரிபார்க்கும்படி யாருக்காவது அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினீர்களா என்றும் யோசியுங்கள். அனுப்பிய அஞ்சல்களில் கிடைத்த கோப்புகளால் நான் காப்பாற்றிய வேலைகள் உண்டு.

கோப்பின் அளவு 0 கேபி என்று காட்டுகிறது. அல்லது கோப்பே காணவில்லை.

சேமிக்கும் நேரத்தில் வட்டில் இடம் தீர்ந்தாலோ பென்டிரைவைப் பிடுங்கினாலோ இப்படி ஆகும். அந்த வட்டில் அதற்குமேல் எதையும் எழுதாதீர்கள். புதிய நிரலை நிறுவாதீர்கள், இணையத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். அழிந்த கோப்பின் துண்டுகள் இன்னும் அங்கே இருக்கலாம். புதிதாக எழுதுவது அவற்றின் மேல் போய் உட்காரும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். இலவசமானது அது, கிடைத்ததை வேறு வட்டில்தான் எழுத வேண்டும். எஸ்எஸ்டி வட்டு என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும் இயல்புடையது.

இன்னொன்று: பென்டிரைவில் இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதி அதிகம் நேர்கிறது. கணினியின் வட்டுக்கு நகலெடுத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் திருப்பி நகலெடுங்கள்.

மெய்ப்புக்கு அனுப்பிய பிடிஎஃப் மட்டும் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். திருத்தம் இல்லாத பக்கங்களைப் பிடிஎஃப் ஆகவே புதிய ஆவணத்தில் படம்போல் வைத்து அச்சுக்கு அனுப்பலாம். திருத்தம் உள்ள பக்கங்களை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். மெய்ப்புக்காகத் தரம் குறைத்து ஏற்றிய பிடிஎஃப் என்றால் படங்கள் மங்கலாக இருக்கும். அந்தப் பக்கங்களில் மூலப் படங்களை மேலே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டும் பக்கத்தின் அடியில் பிடிஎஃப் பக்கத்தைத் தனி அடுக்கில் பூட்டி வைத்தால், ஓரம், பத்தி அகலம், வரி இடைவெளி எல்லாவற்றையும் அதன்மேல் பொருத்திப் பார்த்து அமைக்கலாம்.

அடுத்த முறை இழப்பு குறைய என்ன ஏற்பாடு?

ஒவ்வொரு நாளும் காலையில் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் பெயரில் ஓர் எண் ஏற்றுங்கள்: மலர்01, மலர்02 என்று. ஒரே கோப்பில் சேமித்துக்கொண்டே போனால் இன்டிசைன் ஆவணத்தின் அளவும் வீங்கும். 'சேவ் ஆஸ்' அதையும் குறைக்கும். 'இறுதி', 'இறுதி இறுதி' என்று பெயர் வைக்க வேண்டாம். எது பிந்தியது என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியாது.

பெரிய நூலை ஒரே ஆவணமாகக் கட்டாதீர்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பிரித்து, 'புக்' வசதியில் கோத்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவை நிற்கும். மீட்புத் தரவு இருக்கும் வட்டில் இடம் தாராளமாக இருக்கட்டும். இடமில்லாத வட்டில் மீட்புத் தரவு எழுதப்படாது. மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் யுபிஎஸ் இல்லாமல் பக்கம் கட்ட உட்காராதீர்கள். நீண்ட அத்தியாயம் முடிந்ததும் ஐடிஎம்எல் ஒன்றும் பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வேறு வட்டில் வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் இப்போதே, இந்த மணி நேரத்திலேயே உட்கார்ந்து மறுபடி கட்டத் தொடங்குங்கள். நாளைக்குத் தள்ளாதீர்கள். எந்தத் தலைப்பை எத்தனை புள்ளி அளவில் வைத்தோம், எந்தப் படத்தை எங்கே வெட்டினோம், எந்தப் பத்தியில் ஒரு வரியைக் குறைத்துப் பக்கத்துக்குள் அடக்கினோம் என்பதெல்லாம் இன்னும் மனத்தில் சூடாக இருக்கிறது. ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் பாதி மறந்துபோகும். முதலில் பாணிகளை உருவாக்குங்கள், பிறகு முதன்மைப் பக்கம் (மாஸ்டர் பேஜ்), பிறகு உரை, கடைசியில் படங்கள். மெய்ப்பு பார்த்த பழைய தாள்கள் குப்பைக் கூடையில் இருந்தால் எடுத்துப் பக்க வரிசையில் அடுக்கி, இடது கைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான்கு மணி நேரம் எடுத்த அந்தச் சொல்லடைவை நான் மறுபடி கட்டியபோது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.